ஒரு சாண்

இத்தனை வருடம் என்னை எழுப்பியது பசி.
இன்று வாக்னர் என்கிற நர்ஸ்.
"ஜோசிநெய்டி, மூச்சை இழுங்க, இன்னும் ஆழமா"
என்று என் பெயரை ஈரத்துணி போல உதறுகிறான்.

தொண்டையில் குழாய் போய்வந்த தடம்.
நாக்குக்குப் பதிலாக யாரோ பஞ்சு வைத்திருக்கிறார்கள்.
வயிறு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்,
வலியோ இடது தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
காற்றடைத்து ஊதவைத்துத்தான் உள்ளே வேலை பார்த்தார்களாம்.
மிச்சக் காற்று வழி தெரியாமல் மேலே முட்டுகிறதாம்.
நடந்தால் போய்விடும் என்கிறான்.
என்னை நடக்கச் சொல்ல
டாக்டர்களுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

கையை மெல்ல வயிற்றில் வைத்தேன்.
அப்படியேதான் இருந்தது.
அதே குன்று, அதே மடிப்பு,
புதிதாக ஐந்து பிளாஸ்திரி.
நான்கு வருடம் அரசாங்க வரிசையில் நின்றது
இதற்கா?
சிரிப்பு வந்தது.
சிரித்ததும் தையல் சுருக்கென்று இழுத்தது.

"எடுத்ததை என்ன செஞ்சீங்க?"
"பரிசோதனைக்குப் போகும்."
"எவ்வளவு இருந்தது?"
மீன் கடையில் நீளம் காட்டுகிறவன் போல
இரண்டு கைகளையும் விரித்தான்.
பிறகு மிச்சத்தைக் காட்டினான்:
நீளம் ஒரு சாண், அகலம் விரலளவு.
எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்குத்தான் என்று
ஊர் சும்மா சொல்லிக்கொண்டிருந்தது.
எனக்கு இன்று காலையிலிருந்து
அது சரியான அளவு.

காக்சாங்கா போகிற பஸ்ஸில்
இடுப்பு உயரத்தில் ஒரு சுழல்கம்பி.
காசு கொடுத்து, தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.
ஒருநாள் நான் அதில் மாட்டிக்கொண்டேன்,
முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல்
இரண்டு நிறுத்தம் வரை.
மறுநாள் கண்டக்டர் அடெமார்
கம்பிக்கு இந்தப் பக்கமே ஒரு சீட்டைக் காட்டினான்.
குரலைத் தாழ்த்தி, மரியாதையாக,
"எத்தனையாவது மாசம்?"
"ஆறு" என்றேன்.

வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு
உலகம் எப்படி ஒதுங்கி வழிவிடுகிறது!
ஒருத்தி முந்திரிப்பழம் கொடுத்தாள்.
ஒருவன் என் பையை மடியில் வாங்கிக்கொண்டான்.
பெயர் வைத்தாச்சா என்று கேட்டார்கள்.
"ஜூரேமா."
வாயிலிருந்து தானாக வந்தது,
வந்தபின் எனக்கே பிடித்துப்போனது.
ஹோட்டல் சலவை அறையில், வெந்நீர் ஆவிக்குள்,
யாரும் இல்லாதபோது சொல்லிப்பார்ப்பேன்.
பத்தாம் மாதம் நெருங்கியபோது
ஆற்றோரமாக நடந்துபோய்
வேறு பஸ் பிடிக்கத் தொடங்கினேன்.

இப்போது நிஜமாகவே என்னிடமிருந்து
ஒன்றை வெளியே எடுத்திருக்கிறார்கள்.
பெயர் யாரும் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மார்லூசி.
எனக்கு ஒருநாள் முன்னால் வெட்டுப்பட்டவள்.
வராந்தாவில் வண்டி உருள்கிறது,
யாருக்கோ சோளப்புட்டு, யாருக்கோ காப்பி.
இருவரும் மூக்கைத் திருப்பவில்லை.
"உனக்குப் பசிக்குதா?" என்கிறாள்.
தேடிப் பார்த்தேன்,
இருட்டில் செருப்பைக் காலால் துழாவுவது போல.
"இல்லை. உனக்கு?"
"இல்லை. அதான் பயமா இருக்கு."
அவள் அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை.
என் பசிக்கும் எனக்கும்
ஒரு நல்ல சண்டையாவது நடந்திருக்கலாம்.
சொல்லாமல் போய்விட்டது.

மாலையில் வாக்னர்
காப்பி குடிக்கும் குட்டி பிளாஸ்டிக் கப்பில்
தண்ணீர் கொண்டுவந்தான். ஐம்பது மில்லி.
அரைமணி நேரம் ஆகணும், அவசரம் கூடாது.
முதல் சொட்டு இறங்குவது தெரிந்தது,
நெஞ்சு, அதற்குக் கீழே, இன்னும் கீழே,
பிறகு அந்தச் சின்ன இடம்
நிறைந்தேன் என்றது.

கப்பில் பாதி இருக்கிறது.
கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
என் தட்டில் எதுவும் மீந்ததில்லை.
மீந்ததை
மற்றவர்களெல்லாம் என்ன செய்வார்கள்?