எட்டு நொடித் தூசி

மன்னார்குடியில் ஓர் உரக்கடை மாடிதான் எங்கள் மரப்பட்டறை.
உளி இல்லை, மரம் இல்லை.
இரண்டு கணினி, ஒரு விஆர் ஹெட்செட்,
கைக்கொன்றாக இரண்டு பிடி.
பிடியின் எடை நூற்று நாற்பது கிராம்.
தேக்கைச் செதுக்கினாலும் அதே நூற்று நாற்பது,
வெண்ணெயைச் செதுக்கினாலும்.

அடர்த்தி என்று ஓர் எண் கொடுத்தேன்.
ஏற்ற ஏற்றப் பிடி கூடுதலாக அதிர்ந்தது,
அவ்வளவுதான். மரம் எதிர்க்கவில்லை,
உள்ளங்கையில் அகப்பட்ட வண்டாக முனகியது.

கணுதான் பதினொரு நாளைத் தின்றது.
நார் நேராக ஓட வேண்டும், கணு வந்தால் விலக வேண்டும்,
கடந்ததும் சேர வேண்டும். என் சமன்பாட்டில்
கணுவை முட்டி நின்றுவிடும், இல்லையேல்
பிதுக்கிய மொச்சையாகக் கணுவே வெளியே விழும்.

பாமணியில் தண்ணீர் வந்த மூன்றாம் நாள்
தேநீர் வாங்கப் போனவள் பாலத்தில் நின்றுவிட்டேன்.
ஒவ்வொரு தூணிலும் ஆறு பிளந்து
கொஞ்ச தூரம் கோபமாய் ஓடி
பிறகு எதுவுமே நடக்காதது போல் சேர்ந்துகொண்டது.
அன்றிரவு மரத்துக்குள் தண்ணீர் விட்டேன்.
செதுக்கப்போகிற யாருக்கும் தெரியாது
எங்கள் வேம்புக்குள் பாமணி ஓடுவது.

சத்தத்துக்கு மட்டும் நிஜ மரம் வேண்டியிருந்தது.
மரவாடியில் கழிவுத் துண்டுகளை நிறுத்து வாங்கினோம்:
வாகை, பூவரசு, பெயர் தெரியாத ஒன்று.
பகலெல்லாம் பேருந்து ஹாரன். ஆகவே இரவு இரண்டு மணிக்குப்
போர்வைக்குள் உட்கார்ந்து ரம்பம் இழுத்தோம்.
காவலாளி டார்ச்சோடு ஏறிவந்தார்.
"என்னத்த அறுக்கிறீங்க?"
"சத்தத்தை," என்றாள் பெனாசிர்.

கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவள்.
ஒரு மணி நேரம் துளை செதுக்கிக் களைத்து
மேசைமேல் கையூன்றிச் சாய்ந்தாள்.
மேசை நான் செய்தது. நான்கு கால்,
ஆறாயிரம் முக்கோணம், ஓரத்தில் எண்ணெய்க் கறை.
இல்லாத மேசை வழியே விழுந்து
இருக்கிற நாற்காலியில் முட்டித்தோல் பெயர்ந்தது.
ஐஸ் வைத்துக்கொண்டே சிரித்தாள்:
"நல்லா செஞ்சிருக்கே. நம்பிட்டேன்."
இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வந்ததில்லை.
இதைவிடப் பெரிய பிழையும்.

ஞாயிற்றுக்கிழமை, சோதித்துப் பார்க்க வடுவூர் பரிதி.
வயது இருபத்தாறு, நிலைக்கதவு வேலை.
மணிக்கு இருநூற்றைம்பது பேசிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார்.
உளி வைத்தார். தட்டினார். சில்லு சரியாகவே எகிறியது.
பிறகு குனிந்து
ஊதினார்.

ஃபூ என்று, ஒன்றுமில்லாத இடத்தில்.
கோட்டை மூடிய தூசி அசையவில்லை.
மறுபடி ஊதினார். நிமிர்ந்து
எங்களை முறைப்பதாக நினைத்து
காலண்டரை முறைத்தார்.
ஹெட்செட்டின் அடியில் மைக் இருப்பது
எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மூச்சை வேறு, பேச்சை வேறு என்று பிரிக்க ஆறு நாள்.
பெனாசிர் 'பூவரசு' என்று சொன்னபோதெல்லாம்
மேசைமேல் புயல் அடித்தது.
வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவள் பிடிவாதம்.
நடுவில் இரண்டு மின்தடை,
சேமிக்காத ஒரு மதியம் மொத்தமாகப் போனது.

அடுத்த ஞாயிறு பரிதி ஊதினார். பறந்தது.
அடியில் பென்சில் கோடு தெரிந்தது.
பாராட்டவெல்லாம் இல்லை, அடுத்த அடி அடித்தார்.
மூட்டை முடித்து, பொருத்தி, இழுத்துப் பார்த்து,
வழக்கம்போலக் காலடியைப் பார்த்தார்.
சுத்தமாக இருந்தது.
தரையில் விழும் தூளை எட்டு நொடியில் அழிக்கச் சொல்லியிருந்தேன்,
கணினிக்கு மூச்சு முட்டாமல் இருக்க.

ஹெட்செட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"யாரு கூட்டுனா?"

கீழே உரக்கடையின் ஷட்டர் இறங்கியது.
நான் எட்டை அழித்தேன்.
வேறு எண் இன்னும் போடவில்லை.