கடைமடைக் கணக்கு

மேட்டூரில் திறந்தது பன்னிரண்டாயிரம் கன அடி
என்று காலைச் செய்தி சொல்லும்.
தலைஞாயிற்றுக்காரர் அதைக் கேட்டதும்
மண்வெட்டியைத் தூக்கிவிட மாட்டார்.
திறந்தது ஒரு கணக்கு,
வந்தது ஒரு கணக்கு.

இதை நான் இத்ரீஸ் பாயிடம் சொல்லியிருக்கலாம்,
கூத்தாநல்லூர்க் கடைக்குள்
நெய்ச்சூடு கன்னத்தில் அடிக்க நின்றபோது.
அவர் போனை நீட்டி
"பதினோராயிரம் பேரு, பாத்தீங்களா செங்கமலம்மா" என்றார்.
என் வாய் நிறையத் தம்ரூட்.

மச்சான் வாங்கித் தந்த கூட்டம் அது.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு
ஒரே ராத்திரியில் வந்து இறங்கியவர்கள்.
அறுபது பேருக்கு முகமாக ஒரே சிவப்புக் கார்.
பெயருக்குப் பின்னால்
ரேஷன் அட்டை நீளத்துக்கு எண்கள்.
ஒருவரும் விலை கேட்டதில்லை.
முட்டை சேர்க்கிறீர்களா என்று கேட்டதில்லை.
பெருநாளைக்கு முந்தின நாள் போட்ட படத்துக்கு
ஒன்பது லைக்;
அதில் மூன்று அவர் வீட்டுப் போன்கள்.

"பதரைத் தெளிச்சிட்டு
எத்தனை மூட்டை தெளிச்சேன்னு பெருமை பேசலாம் பாய்,
நாத்தங்கால் பேசாது."

"எதிர்க்கடைக்காரன் இருபதாயிரம் வச்சிருக்கானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அன்றிரவே தொடங்கினேன்.
ஒவ்வொரு பெயராகத் தொட்டு, நீக்கி,
தொட்டு, நீக்கி,
கட்டைவிரல் மரத்துப்போக மூன்று வாரம்.
ஒன்பதாயிரம். ஆறாயிரம். எண்ணூறு.
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல
மணிக்கொரு தரம் பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

அதன்பிறகு நோட்டு போட்டேன்.
யார் இரண்டாவது தடவை கேட்டது,
யார் தன் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு வந்தது,
புருனேயிலிருந்து ஒருவர்
"பார்சல் எத்தனை நாள் தாங்கும்?" என்றாரே, அது.
திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்
எல்லோரும் பார்க்க எழுதினார்:
போன தடவை வாங்கினதில் அடிப்பிடிச்ச வாடை.

"அழிச்சிடும்மா" என்றார் பாய்.
"பதினோராயிரத்தில் ஒருத்தருக்கும் மூக்கு இல்லை.
இவருக்கு இருக்கு" என்றேன்.
மன்னிப்பும், அரைக் கிலோ புதுசும்
மத்தியான பஸ்ஸில் ஏறின.
டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துப்
படம் பிடித்துப் போட்டார் மனுஷர்.
அந்த ஒரு படத்துக்கு
நாற்பத்தேழு பேர் வாய் திறந்தார்கள்.

இதோடு முடித்திருந்தால் நான் கெட்டிக்காரி.

ஒரு வியாழக்கிழமை கடைப் போனில் ஒரு பெண் குரல்.
"என்னை ஏங்க வெளிய தள்ளுனீங்க?"
பெயர் சொல்லவில்லை.
படமில்லாத கணக்கு, ஆறு எண், பூட்டு வேறு.
தேடிப் பார்த்தேன்,
இரண்டாம் வாரம் நான் தள்ளியதுதான்.
"ரெண்டு வருஷமா ஒரு படம் விடாம பாக்குறேன்.
லைக் போட்டா யாருன்னு வீட்ல கேள்வி வரும்.
வியாழக்கிழமை கால் கிலோ வாங்குற பையன்
யார் அனுப்பி வர்றான்னு நெனச்சீங்க?"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.
அந்தப் பையனை அவருக்குத் தெரியும்,
நீலச் சைக்கிள், சில்லறை எப்போதும் சரியாக.

தள்ளியவரை நாமாகச் சேர்க்க வழியில்லை,
அவராகத்தான் திரும்ப வரவேண்டும்.
வந்தார், மறுநாள் நடுச்சாமத்தில்,
அதே ஆறு எண்ணோடு.
கடைமடைக்குத் தண்ணீரும் அப்படித்தான் வரும்,
சத்தமில்லாமல், ஊர் தூங்கும்போது.
விடிந்தால் வரப்போரம் மட்டும் கறுத்திருக்கும்.

அன்றிலிருந்து நோட்டில்
தலைப்பில்லாத ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கிறேன்.
அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
அந்த மூன்று வாரத்தில்
இன்னும் யார் யாரைத் தள்ளினேனோ.

"இப்ப எத்தனை பேரும்மா?" என்று
கல்லாவிலிருந்து குரல் வருகிறது.
"நானூத்திப் பதிமூணு" என்கிறேன்.
பிறகு,
"குறைஞ்சது."