இரண்டு நொடி தூரம்

மேடையை நான் பார்த்ததே இல்லை.
பத்து இரவுகளும் எனக்கு ஒரு தகர அறை,
ஜெனரேட்டருக்கும் கழிப்பறை வண்டிகளுக்கும் நடுவில்.
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி.
கதவில் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்:
இரைச்சல் குறித்த புகார்கள்.

மொன்றியலுக்கு ஜூலை என்பது
பனிக்காலத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈடு.
அதில் ஒரு ராத்திரியைக்கூட
யாரும் வீட்டுக்குள் வைத்து வீணாக்குவதில்லை.
மால்தோவாவின் அக்கார்டியன் வந்திருக்கிறது,
ஹைத்தியின் தகரக் கொம்புகள் வந்திருக்கின்றன,
மாலியிலிருந்து எட்டுப் பேர் என்று அச்சடித்திருக்கிறது,
எட்டாமவருக்கு விசா வரவில்லை.

எனக்கு வருவதெல்லாம் அழைப்புகள்.

இந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன்:
முரசு சுவர் வழியே முதலில் வரும்.
அதே அடி, கொஞ்சம் களைத்து,
தொலைபேசியில் பிறகு வரும்.
இடைவெளியை எண்ணுவேன்.
ஒரு நொடி என்றால் பேக்கரித் தெரு.
இரண்டு என்றால் தேவாலயத்தைத் தாண்டி,
வாசலில் இரும்புப் படிகள் சுழன்றிறங்கும் மாடி வீடுகள்.
அவர்கள் முகவரி சொல்லத் தொடங்குமுன்
என் பேனா அந்தத் தெருவுக்குப் போய்விட்டிருக்கும்.

ஒருவர் வீட்டுக்கு அடித்தொனி மட்டும் போகிறது;
அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
இன்னொருத்திக்குப் பாடகியின் உச்சக்குரல் மட்டும்.
உடம்பில்லாமல் வந்து
சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறதாம்.
ஆற்றோர விடுதியில் கைதட்டல் மட்டும் கேட்கிறது.
"எதற்குத் தட்டுகிறார்கள் என்றே தெரியாமல்
எப்படித் தூங்குவது?"
நியாயமான கேள்வி. எழுதிக்கொண்டேன்.

அவ்வப்போது ரெழான் எட்டிப் பார்ப்பான்,
ஒலிப்பலகைக்காரன், கழுத்தில் கேபிள் மாலை.
"எத்தனை?"
பதினொன்று என்பேன்.
போய் ஒரு நூல் குறைப்பான்.
அல்லது குறைத்ததாகச் சொல்வான்.

ஏழாம் இரவு ஒரு பெண்மணி.
பெயர் ஓதெத் லவலே என்றார், அதற்குமேல் பேச்சில்லை.
ஜன்னலுக்கு வெளியே தொலைபேசியை நீட்டிவிட்டார் போலிருக்கிறது.
மாலிக்காரர்கள் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்,
சுவரில் ஒன்று, காதில் ஒன்று,
நடுவே இரண்டு நொடி,
அந்த இரண்டு நொடிக்குள்
ஒரு நாய், ஒரு சைக்கிள் மணி,
யாரோ பக்கத்து பால்கனியில் ஐஸ்கட்டி உடைப்பது.
பத்து நிமிடம் நான் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.
மற்ற இணைப்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"இது என்ன மொழி?" என்று கேட்டார் கடைசியில்.
நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்து, பம்பாரா என்றேன்.
"என்ன சொல்கிறார்கள்?"
தெரியாது, மதாம்.
"சரி," என்றார், "நாளைக்குக் கேட்டு வையுங்கள்."

படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
சத்தம், அதிர்வு, வாகனம், குப்பை, மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
பின் ஏனோ அந்தத் தாளைக் கோப்பில் போடவில்லை.
மறுநாள் கேட்கவும் இல்லை,
அவர்கள் காலை விமானத்தில் போய்விட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்கிறேனே,
வதீயின் புகாரைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.
பேருந்து ஓட்டுகிறார். நாலரைக்கு முதல் வண்டி.
தினமும் பத்து மணிக்கு அழைப்பார், மரியாதையாக:
"பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி.
அதுதான் பிரச்சினை.
மோசமாக இருந்தால் தூங்கிவிடுவேன்."

கடைசி இரவு, மேடையைப் பிரித்து,
பிளாஸ்டிக் கோப்பைகளை மூட்டை கட்டி,
கம்பங்களை லாரியில் ஏற்றியபின்
முதல் பேருந்தில் ஏறினேன்.
"போன்ழூர்" என்றார் ஓட்டுநர்.
குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.
கண்கள் சிவந்திருந்தன.
நான் யாரென்று சொல்லவில்லை.
பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

வண்டியில் ரேடியோ இருந்தது.
அவர் போடவில்லை.