பதினாலாவது வளைவு

கோரிமேட்டில் என் பட்டறை முன்னால்
சாம்பல் நிற சான்ட்ரோவை நிறுத்தி
"எலக்ட்ரீசியன் இல்லீங்களா?" என்றார்.
கையில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.
அதையே பதிலாகக் காட்டினேன்.

பெயர் மரியசெல்வம்.
ஏற்காட்டு விடுதிகளுக்கு முட்டை போடுகிறவர்.
"ரேடியோ இரையுதுக்கா.
ஏழாவது வளைவு ஏறுறதுக்குள்ள செத்துடுது.
செட்டை மாத்திடுங்க."

செட்டை மாற்றச் சொல்பவர்களிடம்
நான் முதலில் கேட்பது:
ஊருக்குள்ளே எப்படி? அஸ்தம்பட்டியில்?
யோசித்தார்.
"அங்கேயும் இரையுதுதான்."
அப்படியென்றால் இது மலை இல்லை.
மலை அஸ்தம்பட்டிவரை இறங்கி வந்து
யார் ரேடியோவையும் கெடுத்ததில்லை.

இன்ஜினை அணைத்தேன்.
இரைச்சல் நின்றிருந்தால் ஆல்டர்னேட்டரைத் திட்டியிருப்பேன்.
நிற்கவில்லை.
போன் சார்ஜரைப் பிடுங்கினேன்,
நாற்பது ரூபாய்ச் சார்ஜர் ஒன்று போதும்
ஒரு ஸ்டேஷனையே ஊமையாக்க.
அதுவும் இல்லை.
டாஷ்போர்டில் நீலமாய் மின்னி மின்னி அணையும் மாதாவை
அவரிடம் அனுமதி கேட்டு அணைத்தேன்.
மாதா மேல் பிழையில்லை.

செட்டை உருவி, ஆன்டெனா வயரைக் கழற்றி,
அந்தத் துளையில்
என் கை நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பி செருகி
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.
யாரோ ஒரு பெண்
ஜவ்வரிசி மூட்டை இன்று என்ன விலை என்று
தெளிவாகச் சொன்னாள்.
மரியசெல்வம் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.
அங்கே முட்டைத் தட்டுகள்தான்.

செட்டுக்குக் காது கேட்கிறது.
கேட்க வேண்டியதுதான் வந்து சேரவில்லை.

கேபிளின் நடுநரம்பு சரி.
மீட்டரின் ஒரு முள்ளை ஆன்டெனா அடியில் வைத்தேன்,
இன்னொன்றைக் கதவின் ஸ்க்ரூவில்.
பீப் என்று கத்த வேண்டும்.
கத்தவில்லை.
கூரையைத் துளைத்து உட்கார்ந்திருக்கிறது ஆன்டெனா,
வண்டியை மட்டும் தொடவில்லை.

கழற்றி, துளையின் விளிம்பைக் கத்தியால் சுரண்டினேன்.
சாம்பல் பெயின்ட்.
கீழே வெள்ளை.
அதற்குக் கீழே நகக்கண் கனத்துக்குப் பட்டி.
அதற்கும் கீழே கருஞ்சிவப்பு.

மட்கார்டில் பட்டி இருக்கும், கதவில் இருக்கும்,
சேலத்தில் ஓடும் வண்டிக்கு அதெல்லாம் சகஜம்.
கூரைக்கு யாரும் பட்டி பார்ப்பதில்லை,
வண்டி ஒருமுறையாவது
வானத்துக்குச் சக்கரம் காட்டிக் கிடந்திருந்தால் ஒழிய.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தூளை ஊதினேன்.

"மச்சான் வண்டிக்கா," என்றார்.
"ஒரு கீறல் இல்லைன்னு பைபிள் மேல கையை வெச்சு"
என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.
கொஞ்ச நேரம் கழித்து
"எந்த வளைவுல கவுந்துச்சுன்னு
கண்டுபிடிக்க முடியுமா?"

மீட்டர் அதைக் காட்டாது.

இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தேன்.
"வாஷர் மறைக்கிற அளவுக்கு மட்டும் போதும்.
வீட்ல தெரிய வேண்டாம். அவளுக்குத் தம்பி."
பல்வைத்த வாஷர் போட்டு, வாசலின் தடவி, முறுக்கினேன்.
பீப்.
முந்நூறு ரூபாய்.
சில்லறையாகவே கொடுத்தார்.
போகும்போது கூரையைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் போன்.
"ஏழு தாண்டிட்டேங்க்கா. பேசுது."
இருபது நிமிஷத்தில் மறுபடி போன்.
"பதினாலுல போயிடுச்சு. ஓரமா நிறுத்தியிருக்கேன்.
உங்க வாஷர் கழண்டிருக்குமோ?"

"இல்லை. அது மலை.
அடுத்த திருப்பத்தில் வந்துடும்."

"நிச்சயமா?"

நிச்சயமாக.
போனை அவர் வைக்கவில்லை.
கிளம்பவும் இல்லை.
பின்னால் ரேடியோ இரைவது எனக்கும் கேட்டது,
பட்டியில்லாத இரைச்சல்.