பொது விளக்குக் கணக்கு

மாதம் முதல் தேதி ஏணியும் டார்ச்சும் நோட்டுமாக
ஒவ்வொரு வாசலிலும் நிற்பேன்.
நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு மீட்டர்.
பாபநாசத்துக்குக் கிழக்கே, அரசலாறு தாண்டி,
வயலாயிருந்த மண்.
எர்த்துக்கு உப்பும் கரியும் போட வேண்டாம்,
எப்போதும் ஈரம்.

ஆபீசில் அவர்களுக்கு ஃபைல் உண்டு:
ரத்த வகை, மகன் நம்பர், எரிப்பதா புதைப்பதா.
என்னிடம் யூனிட் மட்டும்.

மூன்றாம் நம்பரில் கலியபெருமாள் இருந்தார்.
பொதுப்பணித்துறை லஸ்கர்.
முப்பத்தொரு வருஷம் மதகு ஷட்டரை
ஏற்றி இறக்கிய கை;
ஃபேன் ரெகுலேட்டரை அவர் திருகினால்
குமிழ் கையோடு வந்துவிடும்.
ஜூனில் எல்லோருக்கும் யூனிட் ஏறும்,
அவருக்கு மட்டும் இறங்கும்.
கோளாறென்று இரண்டு தடவை மீட்டரை மாற்றினேன்.
மூன்றாம் வருஷம் அவரே சொன்னார்:
"மேட்டூர் தொறந்தாச்சுல்ல தம்பி.
ஃபேன் சத்தத்துல தண்ணி வர்றது கேக்காது."
சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு வாய்க்கால்.
அது நனைந்த ராத்திரி
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
கதவு கதவாகத் தட்டினார், வந்துடுச்சு வந்துடுச்சு என்று.
வாட்ச்மேன் திருடனென்று விசில் ஊதினான்.
இப்போது அந்த வீட்டில் ஏசி.
ஜூனில் நானூறு.

ஜெய்னம்பு பீவிக்கு ரமலான் மாதம் மட்டும் இரட்டிப்பு.
மூன்று குக்கரில் நோன்புக் கஞ்சி, தெரு முழுக்க.
பில்லை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டு,
"இருபதாம் நம்பர்க்காரர் தூக்குவாளியைக்
கழுவாமத் தர்றார், அதையும் எழுதிக்க" என்பார்.
அதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

பதினொன்று மரியசூசை.
போன தை மாதம் இறந்தார்.
டொராண்டோ மகன் வந்தான்,
பூண்டி மாதா படத்தை டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு
பூட்டிப் போனான்.
மெயினை இறக்கச் சொன்னார்கள். மறந்துவிட்டேன்.
மாசியில் மூன்று யூனிட்.
பங்குனியில் மூன்று.
ஒன்பது வாட் பல்பு
ராத்திரி முழுக்க எரிந்தால் மூன்று வரும்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம்
பம்ப் ரூம் பக்கம் நின்று பார்த்தேன்.
ஆறு மணிக்கு எதிர்வீட்டு அபயாம்பாள் வந்தார்,
வாக்கரில் சாவி தொங்க.
பதினொன்றின் வாசல் விளக்கைப் போட்டார்.
திரும்பிப் போய்ப் பன்னிரண்டில் தன் விளக்கைப் போட்டார்.

"ரயில்வேல பாயிண்ட்ஸ்மேனா இருந்தவராச்சே.
ஆறு மணிக்கு நான் போடறேன்,
பார்த்துட்டு நீங்க போடுங்கன்னார்.
ஒரு பக்கம் எரியலேன்னா லைன் கிளியர் இல்ல,
வந்து தட்டணும்.
ஆறு வருஷம்.
தை இருபத்திரண்டு நான்தான் போய்த் தட்டினேன்."
கொஞ்சம் மூச்சு வாங்கினார்.
"அது எரியாம என்னுதப் போடக் கை வரல."

கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்குக்
கணக்கு எழுதியவர்.
மூன்று யூனிட்டையும் தன் பேரில் எழுதச் சொன்னார்.
சரியென்றேன்.
பொது விளக்கில் எழுதினேன்.
அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டு முன் நின்று
விரலால் கூட்டிப் பார்த்தார்.
"பொது விளக்குல மூணு அதிகம் வருதே."
நான் ஏணியைச் சாத்த இடம் தேடினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை
எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது, சர்க்கரை அதிகமாக.

ஐப்பசி பத்தாம் தேதி மத்தியானம்
ஆம்புலன்ஸில் அவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.
வாக்கர் வாசலிலேயே நின்றது, சாவியோடு.

ஆறு மணி. நல்ல மழை.
பதினொன்றைத் திறந்து விளக்கைப் போட்டேன்.
எதிரே பார்த்து நின்றேன்.
பன்னிரண்டு எரியவில்லை.

உள்ளே யாரும் இல்லையென்று தெரியும்.
குறுக்கே நனைந்து போய்
கதவைத் தட்டினேன்.