நானூற்றுப் பதினோரு இருட்டு

எனக்கு மணிக்கணக்கில் கூலி,
மொழிபெயர்ப்பதற்கு.
மகாராவுக்குப் பெட்டிக்கணக்கு:
பெரில்லா இலை, கட்டுக்குப் பத்து,
பதினைந்து பெட்டி நிரம்பினால்தான்
அன்றைய நாள் முடியும்.

மிர்யாங் தொழிலாளர் அலுவலகத்தில்
முதலாளி தாளைக் காட்டினார்.
எட்டு மணி நேரம்.
அவள் படிக்கத் தெரியாத எழுத்துக்கு அடியில்
அவள் கையெழுத்து.

இலவச சட்ட உதவி செவ்வாய் மதியம் மட்டும்.
அவளுக்கு விடுமுறை மாதத்தில் இரண்டு சனி.
ஏழு மாதம் கழித்துக்
காய்ச்சலென்று பொய் சொல்லி வந்தாள்.

"ஆதாரம்?" என்றார் வக்கீல் யூன்.
"என்ன வைத்திருக்கிறாய்?" என்று மாற்றிக் கேட்டேன்.

போனை நீட்டினாள்.
வயலில் இறங்குமுன் ஒரு படம்,
ஏறியபின் ஒரு படம்.
படத்தில் பெரும்பாலும் ஒன்றுமில்லை, இருட்டு.
சிலவற்றில் பிளாஸ்டிக் கூடாரத்தின் ஓரம்.
ஒன்றில் நாயின் கண்.
மூலையில் நேரம்:
5.12. 5.09. மாலை 7.40.

இருட்டை எதற்குடி பிடிக்கிறாய் என்று
கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

யூன் ஒவ்வொன்றாக எண்ணினார்.
நானூற்றுப் பதினொன்று.
"ஒரு மாலை குறைகிறதே?"
"அன்று மயங்கி விழுந்துவிட்டேன்."

பிறகு வெகுநேரம்
மொழிபெயர்க்க எதுவுமில்லை.

"இப்படிச் சும்மா இருப்பதற்கும்
உங்களுக்குக் கூலி உண்டா?" என்று கேட்டாள்.
உண்டு என்றேன்.
"நல்லது" என்றாள்.