காரணம்: வயிற்றோட்டம்

லீவுப் படிவத்தில் கட்டங்கள் ஐந்து.
சுகயீனம். திருமணம். பயிற்சி.
மரணம் (நெருங்கிய உறவு மட்டும்). வேறு.
அந்த 'வேறு' கட்டத்துக்குள்ள
ஒரு பிள்ளை பிறந்ததை எழுத இடம் காணாது.

மனேச்சர் பேனையை மூடிக்கொண்டு கேட்டார்:
"பெத்தது நீரே?"
கந்தோர் முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சன்.
அவருக்கு இரண்டு பிள்ளையள்.
இரண்டு பிறக்கேக்கையும் தான் பீல்டில நிண்டதெண்டு
ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்லுவார்.

அரசாங்க உத்தியோகமெண்டால் மூண்டு நாள் தருவினமாம்.
என்ர நாளுக்கு என்ன விலையெண்டு
இரவு போனில அடிச்சுப் பாத்தன்.
அடிச்சம்பளம் முப்பத்திரண்டாயிரம்.
மோட்டார்சைக்கிள் லீசிங் போனால் பதினேழாயிரத்து எண்ணூறு.
வசூல் தொண்ணூற்றெட்டு வீதம் தாண்டினால்
மேலதிகமாய்ப் பதினோராயிரம்.
ஒரு சென்ரர் தவறினாலும் தாண்டாது.
மகளின்ர முதற்கிழமையை நான் வாங்க வேணுமெண்டால்
அவளின்ர முதல் மாதத்தை விக்க வேணும்.

செவ்வாய் பின்னேரம் மூண்டே முக்காலுக்குச் சீசர்.
நிறை இரண்டு கிலோ எழுநூற்றைம்பது.
மாமி குவைத்தில ஆரின்ரயோ இரட்டைப் பிள்ளையளைக் குளிப்பாட்டுறா.
வீடியோ கோலில வந்து
கண்ணாடித் திரையை விரலால தடவினா.
வினுசியா எழும்பேலாமல் கிடந்தா.
பக்கத்துக் கட்டில் ஜெயபுரத்துப் பிள்ளைதான்
மகளைத் தூக்கி என்ர கையில வைச்சது.
நாலு நிமிசம்.
அழத் தொடங்கினாள். பயந்து திருப்பிக் குடுத்தன்.
ஆம்பிளையளுக்கு நேரம் முடிஞ்சுதெண்டு மணி அடிச்சுது.

புதன் காலமை படிவம் நிரப்பினன்.
காரணம்: வயிற்றோட்டம்.
அரைநாள். அதுவும்
முரசுமோட்டைச் சென்ரர் முடிச்ச பிறகு.

காலபோகம் வெட்டி நெல்லுக்கு விலை விழுந்த கிழமை அது.
பதினெட்டில பதினேழு பேர் கட்டிச்சினம்.
சுகந்தமலரின்ர கட்டு இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது,
கையில ஆயிரத்துத் தொளாயிரம்.
"தம்பி, ஒருக்கா இவனைப் பிடியும்,
வாய்க்காலுக்கு அங்கால மாறிக்கொண்டு ஓடியாறன்."
ஓமெண்டு சொல்ல முதலே பிள்ளை என்ர மடியில.

மூண்டு மாதக்காரன். கழுத்து இன்னும் சரியா நிக்கேல்லை.
ரசீதுப் புத்தகத்தை நிலத்தில வைச்சன்.
கட்டி முடிச்ச பெண்கள் எழும்பாமல் பாத்துக்கொண்டிருந்தினம்.
என்னை அவை இப்பிடிப் பாத்ததில்லை,
பாத்தால் எப்பவும் நிலத்தைத்தான்.
"தலைக்குக் கீழ, தம்பி. தலைக்குக் கீழ கையைக் குடும்."
நேற்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.
அவன் என்ர கழுத்துப் பட்டியை இழுத்து வாயில வைச்சான்.
கம்பனியின்ர பெயர் எச்சிலில ஊறிச்சுது.

ஆறு வருசமாய் இந்த வேலை.
காசு கெதியா வரட்டுமெண்டு
எத்தினை படலையில ஹோர்ண் அடிச்சிருப்பன்.
அம்மா இல்லையெண்டு பொய் சொன்ன பெடியனிட்ட
அப்ப கொடியில காயிற ஈரச்சேலை ஆற்றையெண்டு கேட்டனான்.
அண்டைக்குத்தான் முதல் தடவையா
ஆறுதலா வரட்டும் எண்டு நினைச்சன்.

பதினொரு நிமிசம்.
மூச்சிரைக்க வந்தா.
நானூற்றைம்பதும் இருபதும் ஐம்பதுமாய்.
எண்ணினன். ரண்டு தரம் பிழைச்சுது.
தொண்ணூற்றெட்டு தாண்டீட்டுது.

ஆஸ்பத்திரி வாசலில ஒண்டு பத்து.
காவலாளியிட்ட கெஞ்சி ஐஞ்சு நிமிசம் வாங்கினன்.
குனியேக்க வினுசியா சேட்டை மணந்தா.
"பால் மணக்குது. ஆரின்ர பிள்ளையைத் தூக்கினனீங்கள்?"
"சென்ரரில ஒண்டு."
அவ ஒண்டும் கேக்கேல்லை.
கட்டிலில கொஞ்சம் தள்ளிப் படுத்து
மகளை என்னட்ட நீட்டினா,
தலைக்குக் கீழ எண்டு சொல்ல வாயெடுத்தா.

அது எனக்குத் தெரிஞ்சிருந்தது.